ஓநாய் குறைந்தால் மான் பெருகுமா?

உணவுச் சங்கிலிப் பாடத்தில் நாம் எல்லோரும் கரும்பலகையில் எழுதுவது ஒன்றுதான்: புல், மான், புலி. நடுவே இரண்டு அம்புக்குறிகள். “புலிகள் அழிந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டால், “மான்கள் பெருகும், புல் அழியும்” என்று மாணவர்கள் ஒரே குரலில் சொல்வார்கள். தேர்விலும் அதையே எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள்.

ஆனைக்குட்டம் போன்ற ஊரில் பாடம் அங்கே முடிவதில்லை. இங்கே ஒரு வீட்டில் பெரியவர்கள் சிலர் பட்டாசு ஆலைக்குப் போவார்கள். சிலர் மக்காச்சோளமோ பருத்தியோ போட்ட காட்டைப் பார்த்துக்கொள்வார்கள். இரவில் காட்டுப்பன்றி புகுந்து சோளத்தைச் சாய்த்துவிட்டுப் போனால் மறுநாள் அந்தப் பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது: “டீச்சர், அப்போ நம்ம ஊருக்குப் புலியோ ஓநாயோ வந்தா எங்க சோளம் தப்பிக்குமா?”

புத்தகத்தில் உள்ள விடையை வைத்துப் பார்த்தால் “ஆமாம்” என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உண்மை அவ்வளவு நேரானதல்ல. இந்தக் கேள்விக்குப் பல நாடுகளில் பல ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இடத்துக்கு இடம் வேறு வேறு விடை கிடைத்திருக்கிறது. அவற்றை வகுப்பறைக்கு ஏற்றவாறு தொகுத்துத் தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

செந்நாயைப் பின்தொடர்ந்த விலங்கியல் ஆசிரியர்

மேலை நாடுகளில் ஓநாய் செய்யும் வேலையை நம் தென்னிந்தியக் காடுகளில் பெரும்பாலும் செய்வது செந்நாய். கூட்டமாக வாழ்ந்து, கூட்டமாக வேட்டையாடி, மான்களை உண்பது இரண்டுக்கும் பொது. நம் இலக்கணத்தில் பாலை நிலத்துக் கருப்பொருளாகச் செந்நாய் சொல்லப்படுவதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். அறிவியல் பாடத்தையும் மொழிப் பாடத்தையும் இணைக்க இது ஒரு நல்ல இடம்.

செந்நாயைப் பற்றிய முறையான ஆய்வில் நம் பகுதிக்கும் ஒரு பங்கு உண்டு. சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராகப் பணியாற்றியவர் ஏ. ஜே. டி. ஜான்சிங். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் தங்கிச் செந்நாய்க் கூட்டத்தைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார். காட்டில் இயல்பாக வாழும் ஒரு பாலூட்டியை இவ்வாறு ஆராய்ந்த முதல் இந்திய அறிவியலாளர்களில் ஒருவர் அவர். பின்னாளில் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். 2024 ஜூனில் மறைந்தார். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவருடைய பெயரை நாம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அவர் காலம் வரை செந்நாயைப் பற்றி நிலவிய கருத்து என்ன? “மான்களைக் கொன்று குவிக்கும் கொடிய விலங்கு” என்பதுதான். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி போன்ற மலைகளில் கடமான் வேட்டை துரைமார்களின் பொழுதுபோக்காக இருந்தது. 1879-இலேயே நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தக் காப்பு கடமானுக்குத்தான், செந்நாய்க்கு அல்ல. தாங்கள் சுட வேண்டிய மானைச் செந்நாய் தின்றுவிடுகிறது என்று நினைத்தார்கள். செந்நாயைக் கொன்று காட்டியவர்களுக்குப் பரிசுத்தொகை கொடுத்தார்கள். 1972-இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வரும்வரை இந்த வழக்கம் நாட்டின் சில பகுதிகளில் தொடர்ந்தது.

பந்திப்பூர் ஆய்வில் செந்நாயின் முக்கிய இரை புள்ளிமான் என்பது தெரிந்தது. கூடவே, கூட்டத்திலுள்ள பெரிய நாய்கள் குட்டிகளுக்கு இரையைக் கொண்டுவந்து கக்கிக் கொடுப்பதும், கூட்டத்துக்குள் உள்ள ஒழுங்கும் பதிவாயின. செந்நாய் இருந்த காட்டிலேயே புள்ளிமான்களும் கூட்டங்கூட்டமாக இருந்தன என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. பரிசுத்தொகை கொடுத்தவர்களின் கணக்கு எங்கோ இடித்தது.

யெல்லோஸ்டோனில் நடந்தது

இதே கணக்கை அமெரிக்காவிலும் போட்டார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1926-க்குள் ஓநாய்களைக் கொன்று தீர்த்துவிட்டார்கள். அதன்பின் எல்க் எனப்படும் பெரிய மான்கள் பெருகின. 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து பூங்காவில் விட்டார்கள்.

பூங்காவின் வடக்குப் பகுதி எல்க் கூட்டம் 1994-இல் ஏறத்தாழ 19,000. 2013-இல் அது 4,000-க்கும் கீழே வந்தது. பூங்காவுக்கு வெளியே உரிமம் பெற்று எல்க் வேட்டையாடுவது அங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. அதை நம்பித் தங்கும் விடுதிகளும் வழிகாட்டிகளும் உண்டு. அவர்களுக்கு வருமானம் குறைந்தது. “எல்லாம் ஓநாயால்தான்” என்றார்கள்.

ஆய்வாளர்கள் விரிவாகப் பார்த்தபோது காரணம் ஒன்றல்ல என்று தெரிந்தது. 1996–97 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. பிறகு சில ஆண்டுகள் வறட்சி. கரடிகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. கரடிகள் பிறந்த சில வாரங்களே ஆன எல்க் கன்றுகளை நிறைய உண்ணும். இவற்றுக்கிடையே பூங்காவுக்கு வெளியே பெண் எல்க்குகளை வேட்டையாடும் உரிமங்களும் பல ஆண்டுகள் தொடர்ந்து வழங்கப்பட்டன.

யாரை யார் கொன்றார்கள் என்பதிலும் வேறுபாடு இருந்தது. ஓநாய்கள் கொன்ற வளர்ந்த பெண் எல்க்குகளின் சராசரி வயது ஏறத்தாழ 14. மனிதர்கள் சுட்டவற்றின் சராசரி வயது ஆறு ஏழுதான். பதினான்கு வயது எல்க் இனி அதிகம் ஈனப் போவதில்லை. ஆறு வயது எல்க் இன்னும் பல கன்றுகளை ஈனக்கூடியது. ஓர் உயிர் போனது என்று இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. “ஓநாய்கள் வந்ததும் ஆறுகளின் போக்கே மாறிவிட்டது” என்று ஒரு காணொலி நம்மிடையே பரவலாகச் சுற்றுகிறது. நம்மில் பலர் திறன் வகுப்பறையில் அதைக் காட்டியிருப்போம். ஓநாய் வந்தபின் சில இடங்களில் செடிகள் தழைத்தது உண்மை. ஆனால் அது எவ்வளவு பரவலானது, ஓநாயால் மட்டுமே நடந்ததா என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. காணொலியைக் காட்டலாம். காட்டும்போது இதையும் சொல்லிவிடுவது நல்லது.

ஒரே நாடு, வேறு வேறு விடைகள்

யெல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள வயோமிங் மாநிலத்தில் ஓநாயும் இருக்கிறது, எல்க்கும் 1,00,000-க்கு மேல் இருக்கிறது. சில பகுதிகளில் எல்க் அளவுக்கு மீறிவிட்டது என்று மாநில அரசே வேட்டை உரிமங்களைக் கூட்டுகிறது.

ஐடஹோ மாநிலத்தின் லோலோ பகுதியில் நிலைமை வேறு. 1980-களின் இறுதியில் அங்கே ஏறத்தாழ 16,000 எல்க்குகள். 2010-ஐ ஒட்டி அவை 2,000 அளவுக்குச் சுருங்கின. ஓநாய் அங்கே பரவியதற்கு முன்பே இந்தச் சரிவு தொடங்கிவிட்டது. 1910-இல் பெருந்தீயில் எரிந்த காடு முதலில் புதர்களாகத் தழைத்து எல்க்குக்கு நல்ல தீவனமாக இருந்தது. பின்னர் அது வளர்ந்து அடர்ந்த மரக்காடாகிவிட்டது. கீழே தீவனம் குறைந்தது. ஏற்கெனவே மெலிந்திருந்த கூட்டத்தின் மீது ஓநாயும் சேர்ந்தபோது அதனால் மீள முடியவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தில் இன்னொரு விடை. அங்கே சாலையில் மான்கள் குறுக்கே பாய்ந்து ஏற்படும் விபத்துகள் மிகுதி. ஓநாய்கள் வந்த மாவட்டங்களில் அத்தகைய விபத்துகள் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மான்கள் எண்ணிக்கையில் குறைந்தது மட்டும் காரணமல்ல. ஓநாய்கள் சாலை ஓரமாகவே நடமாடுவதால் மான்கள் சாலையை விட்டு விலகி மேயத் தொடங்கின. கொல்லாமலே, அச்சத்தால் மட்டும் ஒரு விலங்கு இன்னொன்றின் நடமாட்டத்தை மாற்றலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

கரும்பலகையில் ஒரு கணக்கு

இடத்துக்கு இடம் விடை ஏன் மாறுகிறது? ஒரு கணக்கின் மூலம் இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிய வைத்துவிடலாம். எண்கள் நாமே வைத்துக்கொண்டவை.

ஒரு காட்டில் 100 மான்கள். ஆண்டுக்கு 30 குட்டிகள் பிறக்கின்றன. மொத்தம் 130. கோடையில் தண்ணீரும் தீவனமும் இல்லாமலும் நோயாலும் 30 இறக்கின்றன. ஆண்டு முடிவில் மீண்டும் 100.

இப்போது செந்நாய்கள் வந்து 20 மான்களை உண்கின்றன. அந்த 20-உம் நோயுற்றவை, மெலிந்தவை, எப்படியும் கோடையைத் தாண்டாதவை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கோடையில் 10 மட்டுமே இறக்கும். ஆண்டு முடிவில் அதே 100. இதைப் பதிலீட்டு இறப்பு என்று சொல்லலாம். சாவின் காரணம்தான் மாறியது, எண்ணிக்கை மாறவில்லை.

அந்த 20-உம் நல்ல திடமான மான்கள் என்றால்? கோடையில் 30, செந்நாயால் 20 என மொத்தம் 50 போகும். மீதி 80. இது கூடுதல் இறப்பு.

இதற்கு மேல் மனிதர்கள் 10 திடமான மான்களைச் சுட்டால் முதல் வகையில் 90 மிஞ்சும், இரண்டாம் வகையில் 70-தான். இயற்கையில் நடப்பது இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். தீவனம் செழித்த ஆண்டில் ஒரு மாதிரி, வறட்சி ஆண்டில் ஒரு மாதிரி. அதனால்தான் வயோமிங்குக்கு ஒரு விடை, லோலோவுக்கு வேறொரு விடை.

கணக்கைத் திருப்பியும் போடலாம். ஒரு புலி ஆண்டுக்கு மான் அளவுள்ள விலங்குகள் ஏறத்தாழ 50-ஐ உண்ணும். தன் பகுதியில் உள்ள இரையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் அது எடுக்கும் என்பது உல்லாஸ் காரந்த் போன்றோரின் ஆய்வு. அப்படியானால் ஒரு புலி வாழ 500 இரைவிலங்குகள் வேண்டும். மானின் எண்ணிக்கையைப் புலி முடிவு செய்கிறது என்று மட்டும் சொல்லாமல், புலியின் எண்ணிக்கையை மான் முடிவு செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

கொன்றுண்ணி இல்லாத இடங்கள்

மறுபக்கத்தையும் பார்ப்போம். அந்தமான் தீவுகளில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் வேட்டைக்காகப் புள்ளிமான்களைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள். அவை தீவு தீவாகப் பரவி, காட்டில் இளங்கன்றுகள் மரமாகவிடாமல் மேய்ந்துவிடுகின்றன. நம் முதுமலையில் அழகாகத் தெரியும் அதே புள்ளிமான் அங்கே அயல் படையெடுப்பு இனம்.

சென்னை கிண்டி தேசியப் பூங்கா ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான். அங்கே புள்ளிமானும் வெளிமானும் உண்டு. பெரிய கொன்றுண்ணிகள் இல்லை. மான் சாகாமல் இருக்கிறதா என்றால் இல்லை. தெருநாய்க் கடி, வாகனம், வயிற்றில் சேரும் நெகிழி என்று சாவு வேறு வழிகளில் வருகிறது.

அமெரிக்காவின் கைபாப் பீடபூமிக் கதை பல பாடநூல்களில் இடம்பெற்றது. 1906-இல் அது காப்பகமானது. அதன்பின் அங்கிருந்த கொன்றுண்ணிகளை ஒழித்தார்கள். மான்கள் பெருகின. 1924–25 குளிர்காலத்தில் தீவனமின்றி ஏராளமாக மடிந்தன. ஒரு காலத்தில் மான்கள் 1,00,000 ஆயின என்று எழுதினார்கள். 1970-இல் கிரேம் காக்லி என்ற அறிவியலாளர் அந்த எண்ணுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று காட்டினார். அதே காலத்தில் ஆடு மாடுகளின் மேய்ச்சல் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். பாடநூலில் அச்சான எண்ணையும் கேள்வி கேட்கலாம் என்று மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நம் சமவெளியின் கதை

இனி நம் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடும் மேகமலைக் காடும் சேர்ந்து 2021-இல் இந்தியாவின் 51-ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆயின. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். அங்கே புலி, சிறுத்தை, செந்நாய், கடமான், காட்டுப்பன்றி எல்லாம் ஒரே கணக்குக்குள் இருக்கின்றன.

ஆனைக்குட்டம் அணைக்கு வரும் அர்ச்சுனா நதி அந்த மலைப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் சமவெளிக்கு வந்ததும் கணக்கில் ஒரு பக்கம் காணாமல் போகிறது. இங்கே புலி இல்லை, செந்நாய் இல்லை. நரி உண்டு, அது எலியையும் முயலையும் பிடிக்கும், வளர்ந்த காட்டுப்பன்றியிடம் நெருங்காது. மறுபுறம், ஓடைக்கரைகளிலும் கண்மாய்களிலும் அடர்ந்த சீமைக்கருவேலம் பன்றிக்குப் பகலில் ஒளிவிடம். அதைத் தாண்டினால் மக்காச்சோளம், நிலக்கடலை. ஒரு பன்றி ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் ஈனும். ஒளிவிடமும் தீனியும் அருகருகே இருந்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

அதற்காகச் செந்நாயைப் பிடித்துவந்து சமவெளியில் விட முடியாது. ஊர்களும் ஆட்டுப்பட்டிகளும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் அது முதலில் பிடிப்பது ஆட்டைத்தான். இயற்கை இரையும் காடும் சுருங்கிய இடத்தில் கொன்றுண்ணி மட்டும் இருந்தால் அதுவும் ஆபத்தே. 2024-இல் உத்தரப் பிரதேசத்தின் பகராய்ச் மாவட்டத்தில் ஓநாய்த் தாக்குதல்களில் பல குழந்தைகள் உயிரிழந்ததை நாம் செய்திகளில் படித்தோம். ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விடை: “புலி வந்தால் சோளம் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது. மலையில் புலியும் செந்நாயும் நன்றாக இருக்கட்டும். ஊரில் சோளத்தைக் காப்பது நம் வேலை.”

அதை எப்படிக் காப்பது என்பதில்தான் நம் பகுதியில் ஓர் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. வெடிமருந்து நமக்கு அந்நியமான பொருள் அல்ல. தின்பண்டத்துக்குள் வெடிமருந்தை வைத்துப் பன்றி வரும் வழியில் போடும் வழக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் உண்டு. அவுட்டுக்காய் என்பார்கள். அதைக் கடிப்பது பன்றிதான் என்று எந்த உறுதியும் இல்லை. மேய்ச்சல் மாடு கடிக்கலாம், வீட்டு நாய் கடிக்கலாம். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே இறந்தது. அடுத்த மாதமே திருச்சி மாவட்டத்தில், மீன் பிடிக்க வைத்திருந்த வெடிப்பொருளைத் தின்பண்டம் என்று கடித்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். அந்தச் சிறுவன் ஒன்றாம் வகுப்பில் உட்காரும் வயதினன். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவதும் இதே போன்றதுதான். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இவையெல்லாம் குற்றம் என்பதையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

அரசு வழி ஒன்று திறந்திருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் விண்ணப்பித்து நிவாரணம் பெறலாம். காட்டுப்பன்றி குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும்; அதற்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். தனியாள் துப்பாக்கி எடுக்கவோ வெடி வைக்கவோ இதில் இடமில்லை. இந்தச் செய்தி பல வீடுகளுக்குப் பிள்ளைகள் வழியாகத்தான் போய்ச் சேரும்.

வகுப்பறைக்குச் சில செயல்பாடுகள்

தொடக்க வகுப்புகளில்: பிள்ளைகளை மான், செந்நாய், புல் என்று மூன்று குழுவாக்கி மைதானத்தில் விளையாட விடலாம். ‘புல்’ பிடித்த மான் பிழைக்கும், பிடிக்காத மான் அடுத்த சுற்றில் புல்லாகும். மானைத் தொட்ட செந்நாய் பிழைக்கும்; தொடப்பட்ட மான் அடுத்த சுற்றில் செந்நாயாகும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்கள். எட்டு, பத்துச் சுற்றுகளில் ஏற்ற இறக்கம் தானே தெரியும்.

நடுநிலை வகுப்புகளில்: மேலே சொன்ன 100 மான் கணக்கைக் கொடுத்து, பிறப்பையும் வறட்சி இறப்பையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். விழுக்காடு, வரைபடம் இரண்டையும் இதிலேயே பயிற்றலாம்.

உயர்நிலை வகுப்புகளில்: வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொல்லலாம். நீங்கள் சின்ன வயதில் இங்கே பார்த்த விலங்குகள் எவை? இப்போது காணாதவை எவை? புதிதாக வந்தவை எவை? யார் என்ன செய்தார்கள் என்று பெயர் குறிப்பிட வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் நடப்பது வகுப்பில் குற்றச்சாட்டாக மாறிவிடக் கூடாது.

எல்லா வகுப்பிலும்: வயலிலோ ஓடையிலோ கிடக்கும் உருண்டை, பொட்டலம், தின்பண்டம் எதையும் தொடக் கூடாது, பார்த்தால் பெரியவரிடம் சொல்ல வேண்டும். இதை ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, ஒவ்வொரு அறுவடைப் பருவத்துக்கு முன்பும் சொல்லுங்கள்.

உணவுச் சங்கிலி என்ற பாடத்துக்கு நாம் ஒதுக்குவது இரண்டோ மூன்றோ பாடவேளைதான். அதற்குள் இத்தனையும் சொல்ல முடியாது. அம்புக்குறிகளை வரைந்தபின், “இது எங்கே உண்மை, எப்போது உண்மை?” என்ற ஒரு கேள்வியை மட்டும் சேர்த்து எழுதினால் போதும். விடையின் ஒரு பகுதியைப் பிள்ளைகள் தங்கள் வயலிலிருந்தே கொண்டுவருவார்கள்.